கடற்கரை வீட்டுக் கொசுவலைக் கதவை மாற்றாமல் நாமே சரிசெய்வது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்காவில், கடலைப் பார்த்தபடி இரண்டாவது மாடி வீடு. வராண்டாவுக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓடுகிற கொசுவலைக் கதவு ஒரு வருடமாக இழுக்கும்போதெல்லாம் கிரீச்சிட்டது. இப்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது, கொஞ்சம் பலமாக இழுத்தால் தண்டவாளத்தை விட்டுக் கழன்று கையோடு வருகிறது. இது போதாதென்று குரங்கு ஒன்று கீழ்மூலையில் வலையைப் பிய்த்துவிட்டது. பார்க்க வந்தவர் முழுக் கதவையும் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரிலிருந்து அம்மா வருவதற்குள் நாமே சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அலுமினியப் பட்டறையில் முப்பது வருடத்துக்குக் கிட்டே கதவு, ஜன்னல் வேலை பார்த்தவன் நான். இனிமேல் உதவாது என்று பட்டறைக்கு வந்த வலைக்கதவுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் நன்றாகத்தான் இருந்தது, அடியில் இருக்கும் இரண்டு சக்கரங்கள்தான் தேய்ந்துபோயிருந்தன. கிழிசல் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் வலையில்தான் கைவைக்கிறார்கள். புது வலை போட்டு மாட்டிய பிறகும் கதவு ஓடாது. ஓடாத கதவைப் பலம் கொடுத்து இழுக்கும்போது சட்டம் கோணுகிறது, கோணிய சட்டத்தில் புது வலை மறுபடி சுருங்குகிறது. அதனால் வேலையைக் கீழிருந்து மேலே செய்யுங்கள்: தண்டவாளம், சக்கரம், சட்டத்தின் மூலைமட்டம், இதெல்லாம் முடிந்த பிறகு வலை, கடைசியில் தாழ்ப்பாள்.

டர்பனில் வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறிமாறிக் கரையை ஒட்டியே அடிக்கின்றன. இரண்டும் உப்புத் துளிகளைச் சுமந்து வருபவை. அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பயப்படவேண்டாம், சோப்புத் தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். உப்பு உண்மையில் தின்பது இரும்பை. சக்கரத்தின் அச்சு, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, தாழ்ப்பாளின் உள்ளே இருக்கும் சுருள்வில் ஆகியவைதான் முதலில் போகும். இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தில் இறங்கியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியமே உப்பிப் பொடியாகிவிடும். ஆகையால் நீங்கள் கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பதிலாக எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள். கடைக்காரரிடம் 316 தரம் என்று கேளுங்கள். வழக்கமாகக் கிடைக்கும் 304-ஐ விட அது கடலோரத்துக்கு ஏற்றது, மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும்.

கதவைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான பகுதி. உங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. கதவு இலேசானது, ஆனால் அகலமானது, காற்று பிடித்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும். காற்று கிளம்புவதற்கு முன் காலையிலேயே செய்யுங்கள், இரண்டு பேர் இருங்கள். கழற்றியதும் வராண்டாவில் சாய்த்து வைக்காமல் நேராக வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

கதவின் கீழ் மூலைகளில், ஓரத்திலோ முகப்பிலோ ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றில் சின்ன பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். சக்கரத்தை ஏற்றி இறக்குவது அந்த ஸ்க்ரூதான். பெரும்பாலும் இடப்பக்கமாகத் திருப்பினால் சக்கரம் உள்ளே போகும், கதவு இறங்கும். எதிர்ப்பக்கம் திருப்பவேண்டிய வகையும் உண்டு, எனவே திருப்பும்போது கதவைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். மேலேயும் இரண்டு சக்கரம் இருந்தால் அவற்றையும் தளர்த்துங்கள். பிறகு இரண்டு பேரும் கதவை மேல் தண்டவாளத்துக்குள் நன்றாகத் தூக்கி, அடிப்பக்கத்தை உங்கள் பக்கம் இழுத்தால் வந்துவிடும். வரவில்லையென்றால் முரட்டுத்தனம் வேண்டாம். ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கச் சக்கரத்தை உள்ளே அழுத்தித் தண்டவாளத்தைத் தாண்ட வைக்கலாம். கழற்றுவதற்கு முன் எது மேல்பக்கம், எது உள்பக்கம் என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். திருப்பி மாட்டும்போது குழம்பாமல் இருக்கும்.

இப்போது சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி மெல்ல நின்றால் நல்லது. கரகரவென்று சுற்றினாலோ, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, அச்சில் ஆடினாலோ மாற்றியே ஆகவேண்டும். நீங்கள் சொன்ன கிரீச்சொலியைப் பார்த்தால் உங்களுடையது துருப்பிடித்து நின்றுபோன சக்கரம்தான் என்று நினைக்கிறேன். நின்ற சக்கரம் உருளாது, தண்டவாளத்தில் உரசிக்கொண்டே போகும். அது தண்டவாளத்தையும் தேய்த்துவிடும். எண்ணெய் விட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று பார்க்காதீர்கள்.

சக்கரம் உட்கார்ந்திருக்கும் கூட்டை ஒரு ஸ்க்ரூ பிடித்திருந்தால் அதைக் கழற்றினால் போதும். ஸ்க்ரூ இல்லாமல் அழுத்திப் பொருத்திய கூடென்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கலாம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். படம் மட்டும் காட்டி வாங்கினால் பத்துக்கு எட்டுத் தடவை பொருந்தாது. சக்கரத்தின் விட்டம், அதன் தடிமன், கூட்டின் நீள அகலம் ஆகிய நான்கும் ஒத்துவரவேண்டும். வலைக்கதவுச் சக்கரங்கள் பொதுவாக 25 மில்லிமீட்டரிலும் 32 மில்லிமீட்டரிலும் வரும். 2 மில்லிமீட்டர் கூடினாலும் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். நைலான் சக்கரமும் எவர்சில்வர் பேரிங்கும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் அடியில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் கதவு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும்.

கதவு வெளியே இருக்கும்போதே தண்டவாளத்தைக் கவனித்துவிடுங்கள். கடல் மணல், நாய் முடி, செத்த பூச்சி எல்லாம் உப்போடு சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும். முதலில் உலர்ந்தபடியே வேக்யூம் போட்டு உறிஞ்சுங்கள். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும். கண்ணாடிக் கதவின் அடிச்சட்டத்தில் மழைநீர் வெளியேற சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். எறும்பு வருகிறதென்று அந்தத் துளைகளை சிலிக்கான் வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த கோடை மழையில் தண்ணீர் உள்ளே திரும்பி மரத்தரை உப்பிவிட்டது.

தண்டவாளத்தின் விளிம்பு எங்காவது நெளிந்திருந்தால் இரண்டு பக்கமும் மெல்லிய மரத்துண்டு வைத்துக் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். ஒரே அமுக்கில் நிமிர்த்தினால் அலுமினியம் விரிசல் விடும். பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதன் மேல் தொப்பி மாதிரி கவிழ்க்கிற எவர்சில்வர் பட்டை கிடைக்கும், தண்டவாளத்தைப் பெயர்க்காமலே வேலை முடிந்துவிடும். சுத்தம் செய்த பிறகு எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், இரண்டே வாரத்தில் மணலைப் பிடித்து உப்புத்தாளாக மாறிவிடும். உலர்ந்து போகிற சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து இலேசாகத் துடையுங்கள். அது இல்லையென்றால் விளக்கு மெழுகுவர்த்தியைத் தண்டவாளத்தின் மேல் விளிம்பில் இரண்டு தரம் தேய்த்தாலே போதும்.

அடுத்தது மூலைமட்டம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கதவைத் தரையில் சமமாகக் கிடத்தி, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளவெடுங்கள், பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் எடுங்கள். இரண்டு அளவும் ஒன்றாகவோ 3 மில்லிமீட்டருக்குள் வித்தியாசமாகவோ இருந்தால் சட்டம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். வித்தியாசம் அதிகமென்றால் மூலை ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளி, அளவு சரியானதும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். மூலைக்குள் இருக்கும் இணைப்புத் துண்டு உடைந்திருந்தால் அதைத் தனியாக வாங்கலாம். நெடுஞ்சட்டமே மடங்கி முறிந்திருந்தால் மட்டும்தான் உங்களிடம் வந்தவர் சொன்னது சரி. அப்போது புதுக் கதவு வாங்குவதே நல்லது, ஏனென்றால் ஒரு தரம் மடங்கிய அலுமினியம் நிமிர்த்தினாலும் அதே இடத்தில் மறுபடி மடங்கும். அப்படி மாற்றும் நிலை வந்தால் அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து தெரியும் நிறமும் வடிவமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பல கட்டடங்களில் விதி உண்டு.

இப்போது வலைக்கு வருவோம். கதவின் நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று இருந்து, அதிலும் வலை பொருத்தும் காடி (நீளப் பள்ளம்) இருந்தால் உங்களுக்கு வேலை பாதி. கிழிந்த கீழ்ப்பாதியை மட்டும் மாற்றினால் போதும். கீழ்ப்பாதிக்கு மட்டும் கனமான வலையும் போடலாம். கடலோரத்தில் அலுமினிய வலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உப்பில் அது கறுத்து, தொட்டால் ஒடியும். வழக்கமானது பிவிசி பூசிய கண்ணாடியிழை வலை. அங்குலத்துக்கு 18-க்கு 16 இழை என்ற கணக்கில் வருவது. வலைக்கண்ணின் அளவு ஏறக்குறைய 1.1-க்கு 1.3 மில்லிமீட்டர், கொசு நுழையாது. கறுப்போ கரிநிறமோ வாங்குங்கள். வெளிர்நிற வலை வெயிலைத் திருப்பி அடிப்பதால் அதன் வழியாகக் கடல் மங்கலாகத் தெரியும், கறுப்பு வலை கண்ணை உறுத்தாது. நாய் பூனை உள்ள வீடுகளுக்கென்று பிவிசி பூசிய பாலியஸ்டர் வலை ஒன்று வருகிறது, நகம் பட்டாலும் எளிதில் கிழியாது. கண் கொஞ்சம் அடைந்திருப்பதால் காற்று சற்றுக் குறையும். உங்கள் கீழ்ப்பாதிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வலையைக் காடிக்குள் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங்கை ஒரு முனையில் கிளப்பி முழுவதும் உருவிவிடுங்கள். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். வெயிலில் இறுகி, சுருங்கியிருக்கும். ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே தடிமனில் புதிது வாங்குங்கள். மெல்லியதாக இருந்தால் முதல் காற்றிலேயே வலையோடு வெளியே வந்துவிடும், தடித்ததாக இருந்தால் உள்ளே திணிக்கும்போது வலை அறுபடும். கூடவே இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம் உள்ள கைக்கருவி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளம் உள்ள சக்கரம் பீடிங்கை அழுத்துவதற்கு. அது இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திணிக்கப் பார்த்தால் வலையில் அடிக்கொரு ஓட்டை விழும்.

சட்டத்தைக் காடி மேலே தெரியும்படி தரையில் கிடத்துங்கள். வலையைப் பிரித்து வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் மடிப்புத் தடம் போய்விடும். நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் அதிகம் விட்டு வெட்டுங்கள். இழைகள் சட்டத்துக்கு இணையாகப் போகின்றனவா என்று பாருங்கள், சாய்வாகப் போட்டால் பின்னால் திருத்த முடியாது. மேல் குறுக்குச் சட்டத்தில் ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு கை பீடிங்கைக் காடியின் மேல் பிடித்திருக்க, மறுகை கருவியைக் குட்டைக் குட்டையாக உருட்டிக்கொண்டு போகட்டும். மூலைக்கு வந்ததும் வலையின் அதிகப்படியை மூலைக்கு நேராகச் சாய்வாக வெட்டி, பீடிங்கை வளைத்து, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அமுக்கி உட்கார வையுங்கள். பிறகு நெடுஞ்சட்டம், அடுத்தது அடிச்சட்டம், கடைசியில் மற்ற நெடுஞ்சட்டம்.

இங்கேதான் கைப்பழக்கம் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். தொய்வில்லாமல் இருக்கவேண்டும் என்று வலையைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே பீடிங் போடுவார்கள். கண்ணாடியிழை வலையை இழுக்கவே வேண்டாம். சமமாகப் பரப்பி வைத்தால் போதும், பீடிங் காடிக்குள் இறங்கும்போது வலையைத் தானே கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக்கிவிடும். நீங்களும் சேர்ந்து இழுத்தால் நீளமான இரண்டு சட்டங்களும் நடுவில் உள்நோக்கி வளைந்து உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிவிடும். அந்த ஒடுங்கிய இடத்தில் கதவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி வரும். கொசு அதன் வழியாக வரும், தாழ்ப்பாள் கொக்கியும் எட்டாது. வேலை தொடங்குமுன் இரண்டு நெடுஞ்சட்டங்களின் நடுவிலும் உள்பக்கமாக ஒவ்வொரு மரக்கட்டை முட்டுக் கொடுத்தால் சட்டம் வளையவே வளையாது. எங்கள் பட்டறையில் புதுப் பையன்களுக்கு முதல் நாள் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

ஒரு பக்கம் அலை அலையாக வந்தால் வருத்தப்படாமல் அந்தப் பக்கத்துப் பீடிங்கை மட்டும் உருவி மறுபடி போடுங்கள். எல்லாம் சரியான பிறகு புது பிளேடு போட்ட கட்டரால் பீடிங்கின் வெளி விளிம்பை ஒட்டி அதிகப்படி வலையை நறுக்குங்கள். பிளேடின் முனை சட்டத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். வலைப் பக்கம் திரும்பியிருந்தால் ஒரு சறுக்கலில் முழு வலையும் போய்விடும். மழுங்கிய பிளேடு இழையை வெட்டாமல் பிடித்து இழுக்கும், அதனால்தான் புது பிளேடு என்று சொல்கிறேன்.

கிழிசல் ஒரு நாணய அளவுக்குள் இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. பழைய வலையில் ஒரு துண்டு வெட்டி வைத்து, மீன்பிடி நைலான் இழையால் சுற்றிலும் தைத்துவிடலாம். கடலோரத்தில் அந்த இழைக்குப் பஞ்சமில்லை, வெயிலையும் மழையையும் தாங்கும். குண்டூசி ஓட்டையென்றால் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு போதும்.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர். சக்கரங்களை முழுவதும் உள்ளே திருகிவைத்து, மேல்பக்கத்தை முதலில் மேல் தண்டவாளத்துக்குள் செலுத்தி, அடிப்பக்கத்தை நேராகக் கொண்டுவந்து தண்டவாளத்தின் மேல் இறக்குங்கள். பிறகு இரண்டு பக்க ஸ்க்ரூவையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் கதவை ஏற்றுங்கள். அடிச்சட்டம் தண்டவாளத்தில் உரசாமல் 3 முதல் 5 மில்லிமீட்டர் எழும்பினால் போதும். கதவை மூடும் பக்கம் கொண்டுபோய் ஒரு விரல் அளவு இடைவெளி வரும்போது நிறுத்தி, அந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் மூடும் பக்கத்துச் சக்கரம் குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று கால் சுற்று திருப்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரே விரலால் தள்ளினால் கதவு முழு நீளமும் ஓடவேண்டும்.

கதவின் உயரம் மாறியதால் தாழ்ப்பாள் கொக்கி எதிரே உள்ள தகட்டில் விழாமல் போகலாம். புதுத் தாழ்ப்பாள் வாங்கிவிடாதீர்கள். எதிர்த்தகட்டின் ஸ்க்ரூ துளைகள் நீள்வட்டமாக இருக்கும், தளர்த்தி மேலோ கீழோ நகர்த்தி இறுக்கினால் சரியாகிவிடும்.

குரங்கு விஷயத்தில் உங்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். நான் சொன்ன எந்த வலையும் இங்குள்ள வெர்வெட் குரங்கைத் தடுக்காது. உள்ளே நுழையவேண்டும் என்று அது முடிவு செய்தால் பாலியஸ்டர் வலையையும் பற்களால் ஆரம்பித்துக் கிழிக்கும். தாழிடாத சறுக்குக் கதவைத் தள்ளித் திறக்கவும் தெரியும். அது வருவதற்குக் காரணம் மேசைமேல் தெரிகிற வாழைப்பழமும் மாம்பழமும்தான். பழக்கூடையைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள், ஆள் இல்லாதபோது கண்ணாடிக் கதவை மூடுங்கள். முழுத் தடுப்பு வேண்டுமென்றால் கனமான எவர்சில்வர் கம்பி வலை இருக்கிறது, அது பீடிங்கில் நிற்காது, சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் தனி அமைப்பு வேண்டும், அதை வீட்டில் செய்ய முடியாது. இன்னொன்று, வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் வலையில் சாயவிடாதீர்கள். வலைக்கதவு பூச்சியைத் தாங்கும், பிள்ளையின் பாரத்தைத் தாங்காது.

அம்மா மலேரியாவை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். டர்பனில் மலேரியா பரவுவதில்லை. இந்த மாகாணத்தில் அந்தப் பயம் வடக்கே மொசாம்பிக் எல்லையை ஒட்டிய பகுதியில்தான். ஆனால் 1930களின் தொடக்கத்தில், அப்போது நேட்டால் என்று இருந்த இந்த மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களில் அது ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. வலையில்லாத லைன் வீட்டில் அந்த நாட்களைக் கழித்த என் ஆயா, சாகும்வரை சாயங்காலம் ஆனதும் கதவை முதலில் சாத்தச் சொல்வார். கொசுவலைக் கதவு நன்றாக ஓடவேண்டும் என்பதில் நான் இவ்வளவு அக்கறைப்படுவது அங்கிருந்து வந்ததுதான்.

இனி இந்த நிலை வராமல் இருக்க மாதம் ஒருமுறை கதவு முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்குங்கள். தண்டவாளத்தை வருடத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சுத்தம் செய்யப் புரட்டாசிக்கு முன் வீடு கழுவும் நாளையே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் எப்படியும் அன்று மூலை முடுக்கெல்லாம் கைபடும். இங்கே அது வசந்தத்தின் தொடக்கம் என்பதால் மழையும் கொசுவும் வருவதற்குச் சரியாக முன்னால் கதவு தயாராகிவிடும்.

இந்த வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். சனிக்கிழமை காலை கதவைக் கழற்றி, சக்கரத்தையும் பீடிங் துண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மத்தியானம் தண்டவாளமும் சக்கரமும், ஞாயிறு காலை வலை. அதே அளவுச் சக்கரம் கிடைக்காமல் வரவழைக்கவேண்டியிருந்தால் காத்திருக்கவேண்டாம். தண்டவாளத்தைச் சுத்தம் செய்து, புது வலையோடு கதவைப் பழைய சக்கரத்திலேயே மாட்டி, மூடிய நிலையில் தாழிட்டு வையுங்கள். சக்கரம் வந்த அன்று பத்தே நிமிடத்தில் மாற்றிவிடலாம்.